மண் போன்ற வீடு

பெனிக்னோ லுஹான் செய்த முதல் தப்பு, மண்ணால் வீடு கட்ட நினைத்தது. மண் வீடுகளுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஒரு மனிதனுக்கு அந்த மாதிரி எண்ணமெல்லாம் வரக்கூடாது.

அமெரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் சான் டெல்ஃபினோவின் பழைய நகரில் எல்லாமே மண் நிறம். வங்கி மண் நிறம். மருந்துக்கடை மண் நிறம். நாலு மாடிக் கார் நிறுத்தகம்கூட மண் நிறம்தான். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தால் உள்ளே கான்கிரீட், இரும்பு, தெர்மாகோல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் கொடுக்கும். ஆனால் ஊர் பார்க்க வருகிறவர்கள் தட்டிப் பார்ப்பதில்லை. படம் எடுப்பதோடு சரி. விமானம் ஏறி வந்து படம் எடுத்தவர்களில் சிலர் மனம் உருகி, வீடு வாங்கிக் குடியேறிவிடுவார்கள். குடியேறியவர்களில் சிலர் இன்னும் கொஞ்சம் உருகி, புராதன நகர இணக்க வாரியத்தில் உறுப்பினர் ஆகிவிடுவார்கள்.

வாரியத்தின் வேலை எளிமையானது. பழைய நகருக்குள் புதிதாக என்ன முளைத்தாலும் அது அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகிறதா இல்லையா என்பது வாரியத்துக்கு மட்டும்தான் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால், பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். பார்ப்பது மாதத்துக்கு ஒருமுறை.

பெனிக்னோ நெடுஞ்சாலையோரத்து டயர் கடையில் வேலை பார்த்தார். பழைய நகரில் அவருடைய அப்பா விட்டுப்போன ஒரு துண்டு மனை இருந்தது. அதிலிருந்த வீடு கவனிக்க ஆளில்லாமல் விழுந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தத் தெருவிலிருந்த சித்தப்பா மக்கள், அத்தை மக்கள் எல்லோரும் கலிஃபோர்னியாக்காரர்களிடம் விற்றுவிட்டு, கிடைத்ததில் நல்ல வண்டியாக வாங்கிக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். இரண்டு ஓவியக் கூடங்களுக்கு நடுவில் லுஹான் மனை மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி கிடந்தது.

அவரும் விற்றிருப்பார். அவர் மனைவி ஒத்திலியாவின் சிறுநீரகம் கெட்டுப்போனதுதான் விற்காமல் வைத்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவர்கள் குடியிருந்தது மேட்டுநிலத்துக்கு அப்பால், சக்கரம் வைத்த தகர வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு வாடகைப் பொட்டலில். அங்கிருந்து ஊருக்கு வந்து திரும்பினாலே பாதி நாள் போய்விடும். திரும்பும்போது ஒத்திலியா பிழிந்துபோட்ட துணி மாதிரி சாய்ந்து கிடப்பாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. மனை இருந்த இடமோ, டயாலிசிஸ் நடக்கும் கிளினிக்கிலிருந்து ஒரு திருப்பம் தள்ளி.

"ரெண்டு ரூமு, ஒரு அடுப்படி போதும்யா," என்றாள் ஒத்திலியா. "நடந்து போயிட்டு நடந்து வந்துருவேன். வாந்தி எடுத்தாலும் சொந்த வாசல்ல எடுக்கலாம்."

செங்கல் வாங்க வக்கில்லை. விழுந்த வீட்டின் மண் மனையிலேயே குவிந்து கிடந்தது. வைக்கோலைப் போட்டுக் குழைத்து, மர அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்தால் கல். பெனிக்னோவுக்கு அதுவும் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். முதல் வரிசைக் கற்கள் காய்ந்ததும் இரண்டாகப் பிளந்தன.

"இதென்ன கல்லா, போன வாரத்து ரொட்டியா?" என்றாள் ஒத்திலியா.

இரண்டாவது வரிசை தேறியது. அப்புறம்தான் யாரோ சொன்னார்கள், வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்று.

நகர மன்றத்தில் வாரியத்தின் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஃபெர்மின். இதே ஊர்ப் பையன். பெனிக்னோவின் தம்பியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அங்க போய் மண்ணுன்னு சொல்லாதீங்க."

"பின்ன என்னன்னு சொல்றது?"

"எதுவும் சொல்லாதீங்க. மரச் சட்டம் போட்டு, மேல பூச்சு பூசறேன்னு சொல்லுங்க. கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுருவாங்க."

"மண்ணு கிடக்குதே, ஃபெர்மின். ஓசில கிடக்குது."

"அதாண்ணே பிரச்சினை," என்றான் ஃபெர்மின். "ஓசில கிடக்கிறதை அவங்க பார்த்ததே இல்லை."

கூட்டம் நடந்த மண்டபத்தில் பெனிக்னோவுக்கு முன்னால் ஒரு ஹோட்டல் இருந்தது. நாலு மாடி, நூற்றுச்சொச்சம் அறைகள், மாடியில் நீச்சல் குளம். இரும்புச் சட்டத்தின்மேல் தெர்மாகோல் பாளங்களை ஒட்டி, டென்வரிலிருந்து வந்த ஒரு கலைஞர் அவற்றைக் கையாலேயே செதுக்கி, மழையில் கரைந்த சுவர் மாதிரி ஆக்கித் தருவாராம். கூரைக்குக் கீழே மரக்கட்டைகளின் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஒரு ஜாண் நீளம்தான், சுவரோடு ஒட்டப்பட்டவை. வாரியம் எழுந்து நின்று கைதட்டியது. காபி ஆறுவதற்குள் ஹோட்டலுக்கு அனுமதி கிடைத்தது.

தலைவர் ஹார்லன் விட்கோம்ப் கனெக்டிகட்டில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு நீலக்கல். அந்த ஊரில் நீலக்கல்லின் அளவைப் பார்த்தே ஒருவர் எவ்வளவு சமீபத்தில் வந்தவர் என்று சொல்லிவிடலாம்.

"மிஸ்டர் லூஜன்," என்று தொடங்கினார். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்க மக்கள் மேல எங்களுக்கு இருக்கிற மரியாதை சொல்லி மாளாது. நாங்க இந்த ஊருக்கு வந்ததே அதுக்காகத்தான்."

"லுஹான், சார்."

"ஆமா. லூஜன்."

வாரியத்தின் கட்டடக்கலை வரலாற்று அறிஞர் டாக்டர் லெனோர் ஆஷ்பி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "மண்ணால கட்டப்போறதா சொல்லியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"ஏன்?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று பெனிக்னோ எதிர்பார்க்கவில்லை. "மண்ணு இருக்குதும்மா அங்க."

"புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. இன்னிக்குக் கட்டற வீட்டை மண்ணால கட்டினா, பார்க்கிறவங்க அதை நிஜமான மண் வீடுன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?"

"நிஜமான மண் வீடுதானம்மா."

"அதைத்தான் நானும் சொல்றேன். புதுசு தன்னைப் பழசுன்னு காட்டிக்கிறது வரலாற்றுப் பொய். அந்தப் பொய்யை இந்த வாரியம் அனுமதிக்காது."

"அப்ப புதுசு மாதிரியே கட்டிரட்டுமா?"

மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்தது. பின்வரிசையில் ஒரு பெண்மணி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"புதுசு மாதிரி தெரியவும் கூடாது," என்றார் டாக்டர் ஆஷ்பி, குழந்தைக்குச் சொல்வதுபோல. "பழசு மாதிரி இருக்கணும். ஆனா பழசுன்னு யாரும் நம்பிடக் கூடாது. மாதிரிங்கறதுதான் முக்கியம்."

"அந்த ஹோட்டலும் பழசு மாதிரிதானம்மா இருக்கப்போகுது?"

"அதைத் தட்டிப் பார்த்தா தெர்மாகோல்னு தெரிஞ்சுடும், மிஸ்டர் லூஜன். அதுல ஒரு நேர்மை இருக்கு. உங்க வீட்டைத் தட்டினா என்ன தெரியும்?"

தட்டினால் மண் என்றுதான் தெரியும்.

அப்புறம் கூரைக்கு வந்தார்கள். பெனிக்னோ சாய்வான தகரக் கூரை போடுவதாக வரைந்திருந்தார். அப்பா வீட்டிலும் அதுதான் இருந்தது, மலையோர கிராமங்களில் எல்லா வீட்டிலும் அதுதான் இருக்கிறது. பனி விழுந்தால் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். ஆனால் வாரியத்தின் கணக்குப்படி வரலாறு ரயில் வருவதற்கு முந்தின நாளோடு முடிந்துவிடுகிறது. தகரம் ரயிலில் வந்தது. ஆகவே தட்டைக் கூரைதான்.

"எங்க அப்பா வீட்ல தகரம்தான் சார் இருந்துச்சு. அதே இடத்துல."

"உங்க அப்பா தெரியாம செஞ்சுட்டார்," என்றார் விட்கோம்ப் கனிவோடு. "அவரை நாங்க குத்தம் சொல்லலை."

கடைசியாக வாசற்படியில் ஒரு கைப்பிடிக் கம்பி. டயாலிசிஸ் முடிந்து வருகிறவளுக்குத் தலை சுற்றும், பிடித்துக்கொண்டு ஏற வேண்டும் என்று விளக்கினார் பெனிக்னோ. டாக்டர் ஆஷ்பி தன் குறிப்புகளைப் புரட்டினார். அந்தக் காலத்தில் வாசற்படிகளில் கைப்பிடி இருந்ததற்கு ஆதாரமே இல்லை.

"அப்ப நோயாளிங்க என்னம்மா பண்ணினாங்க?"

"விழுந்தாங்க," என்றார் டாக்டர் ஆஷ்பி.

விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் அதற்கடுத்த கூட்டத்துக்கு. இடையில் கோடை போய், இலையுதிர் காலத்துப் பச்சை மிளகாய் வறுக்கும் புகை ஊரைச் சுற்றி, பனி விழுந்து, உருகியது. ஒத்திலியாவின் வாளி வண்டியிலேயே குடியிருந்தது. பெனிக்னோ ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஓவியக் கூடங்களும் ஒயின் கடைகளும் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டு வருவார்.

"உன்னைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்குய்யா," என்றாள் ஒத்திலியா ஒருநாள். "எனக்காவது ரத்தத்தை எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறாங்க."

ஒருவழியாக வாரியம் மனம் இறங்கியது. அங்கீகரிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் மண் இல்லை; 'மண் போன்ற பூச்சு' இருந்தது. பெனிக்னோ வேண்டுமானால் மண்ணால் கட்டிக்கொள்ளலாம், ஆனால் அது வெளியே தெரியாதபடி மண் நிறச் சிமென்டைப் பூசி மூடிவிட வேண்டும். நிறங்கள் ஆறு இருந்தன. தன் மனையின் மண்ணைக் கையில் எடுத்துப்போய் பெனிக்னோ ஒப்பிட்டுப் பார்த்தார். எதோடும் சேரவில்லை. வாரியம் அந்த மண்ணைப் பார்த்துவிட்டு, அது சற்று மிகையாக இருப்பதாகச் சொன்னது.

வெளியே வந்ததும் ஃபெர்மின் அவர் முழங்கையைப் பிடித்தான்.

"அண்ணே, மண்ணு மேல சிமென்டு பூசினா தண்ணி உள்ள போகும், வெளிய வராது. எங்க மாமன் வீடு அப்படித்தான் ஊறி உட்கார்ந்துச்சு. தட்டைக் கூரை வேற."

"இதை உள்ள வெச்சுச் சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்கண்ணே," என்றான் ஃபெர்மின்.

பெனிக்னோ வண்டிக் கதவைத் திறந்தார். உள்ளே வாளி இருந்தது. சிமென்டு வாங்கப் போனார்.

சுவர் எழும்பியபோது வாரியம் நேரில் பார்க்க வந்தது. பெனிக்னோ நூல் பிடித்து, முட்டி தேய, முடிந்தவரை நேராகக் கட்டியிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. விட்கோம்ப் சுவரைத் தடவினார். முகம் வாடியது.

"ரொம்ப நேரா இருக்கே, மிஸ்டர் லூஜன். மெஷின் கட்டின மாதிரி இருக்கு."

"கையாலதான் சார் கட்டினேன்."

"அது தெரியணுமில்லையா? கையால கட்டினா கோணலா இருக்கும். அந்தக் கோணல்தான் எங்களுக்கு வேணும்."

"முதல்ல கட்டினது கோணலாத்தான் சார் வந்துச்சு. இடிச்சுட்டுத் திருப்பிக் கட்டினேன்."

"அடடா," என்றார் விட்கோம்ப், உண்மையான துக்கத்தோடு.

கோணல் ஆக்கித் தருவதற்கு அங்கீகாரம் பெற்ற ஒருவர் இருந்தார். ஹோட்டலைச் செதுக்கிய அதே டென்வர்க்காரர். அவருடைய கூலி பெனிக்னோவுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே ஒத்திலியா ஒரு யோசனை சொன்னாள். பெனிக்னோ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பீர் குடித்துவிட்டுச் சிமென்டைப் பூசினார். வாரியம் வந்து பார்த்து, உள்ளூர்க் கைகளுக்கு உரிய பாரம்பரிய நயம் வெளிப்பட்டிருப்பதாகப் பதிவு செய்தது. வாசலில் காய்ந்த மிளகாய்ச் சரம் ஒன்று தொங்கவிடச் சொன்னார்கள். நிஜ மிளகாய் என்றால் எலி வரும், பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது.

அந்த இலையுதிர் காலத்தில் அவர்கள் குடிவந்தார்கள்.

சொன்னபடியே ஒத்திலியா கிளினிக்குக்கு நடந்து போனாள், நடந்து வந்தாள். வாசற்படியில் கைப்பிடி இல்லாததால் பெனிக்னோவின் தோளைப் பிடித்து ஏறினாள். அவர் இல்லாத நாளில் படியில் உட்கார்ந்து பின்பக்கமாக நகர்ந்து ஏறினாள். மதியம் தூங்கி எழுந்து பீன்ஸ் வேகவைப்பாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு சாயங்காலங்கள் அவளிடம் திரும்பி வந்தன. ஒருநாள் பெனிக்னோ டயர்க் கரியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் வானொலியோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அவர் கையைக்கூடக் கழுவாமல் கதவோரத்தில் நின்று கேட்டார்.

ஜனவரியில் தட்டைக் கூரையில் பனி முழங்கால் அளவுக்கு ஏறி, வழுக்கிப்போக வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்தது. மார்ச்சில் உருகத் தொடங்கியது. முதலில் அடுப்படி மூலையில் ஒரு கறை. பிறகு பின்சுவர் கர்ப்பிணி வயிறு மாதிரி தள்ளியது. பெனிக்னோ ஆணியால் சிமென்டில் ஓர் ஓட்டை போட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து குழம்பு மாதிரி மண் வழிந்தது.

அன்றே நகர மன்றத்துக்கு ஓடினார். சிமென்டை உரித்துவிட்டு, மேலே தகரம் போட்டுவிட்டால் சுவர் காய்ந்து பிழைத்துவிடும். ஃபெர்மின் விதிகளைப் புரட்டிப் பார்த்தான். அவசரப் பழுதுபார்ப்புக்கு உடனே அனுமதி உண்டுதான், ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு மட்டும். இந்த வீட்டுக்கு இன்னும் ஒரு வயதே ஆகவில்லை. மற்றவை அடுத்த கூட்டத்தில்தான்.

பெனிக்னோ கூரைமேல் ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். மறுநாள் காலை கதவில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. அங்கீகரிக்கப்பட்ட ஆறு நிறங்களில் நீலம் இல்லை. மண் நிறத் தார்ப்பாய் வாங்க அவர் மூன்று ஊர் அலைந்தார். எங்கும் கிடைக்கவில்லை. வாரியத்துக்குப் பயந்து நீலத்தைக் கழற்றினார். அன்று சாயங்காலமே மழை பிடித்தது. அடுத்த நாளும் விடவில்லை.

அவர் டயர் கடையில் இருந்தபோது ஃபெர்மின் அழைத்தான்.

"அண்ணே, அக்கா எங்க?"

"கிளினிக்ல. இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைதானே?"

"நல்லாத் தெரியுமா?"

"மழைன்னு நான்தான்டா விட்டுட்டு வந்தேன்."

எதிர்முனையில் ஃபெர்மின் மூச்சு விடுவது கேட்டது. "சரிண்ணே. அப்ப உட்காருங்க."

பின்சுவர் முதலில் போய், கூரையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. கட்டில் இருந்த இடத்தில் உத்தரங்கள் கிடந்தன. தெருப்பக்கத்துச் சுவர் மட்டும் ஒரு ஜன்னலோடும் பிளாஸ்டிக் மிளகாயோடும் நின்றது. ஒத்திலியா கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுப்புல பீன்ஸ் வெச்சிருந்தேன்," என்றாள்.

அந்த மாதக் கூட்டத்தில் பெனிக்னோவின் பெயர் முதலாவதாக இருந்தது. காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. குற்றம்: புராதனப் பகுதிக்குள் அனுமதி பெறாமல் கட்டடத்தை இடித்தது.

"நான் இடிக்கலை சார். அதுவா விழுந்துச்சு."

"விழவிடறதும் இடிக்கிறதும் விதிப்படி ஒண்ணுதான்," என்றார் விட்கோம்ப். "ஒரு கட்டடம் விழணும்னா அதுக்கு முறை இருக்கு. முன்கூட்டியே சொல்லணும். அக்கம்பக்கத்தாரோட கருத்தைக் கேட்கணும்."

"நீங்க சொன்ன சிமென்டாலதான் சார் விழுந்துச்சு. நீங்க சொன்ன கூரையாலதான். தகரம் போடவான்னு வந்து கேட்டேன்ல?" பெனிக்னோ ஃபெர்மின் பக்கம் கையை நீட்டினார். "கேட்டேனா இல்லையா? ஃபெர்மினைக் கேளுங்க!"

எல்லோரும் ஃபெர்மினைப் பார்த்தார்கள். ஃபெர்மின் ஒலிவாங்கியின் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அப்போது டாக்டர் ஆஷ்பி கையை உயர்த்தினார். தண்டனையைப் பற்றிப் பேசுவதற்கு முன் எல்லோரும் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார். விளக்கை அணைக்கச் சொன்னார். திரையில் பெனிக்னோவின் சுவர் வந்தது. மாலை வெயிலில், சிமென்டு உரிந்து, உள்ளே வைக்கோலும் மண்ணும் பொன்னாக மின்ன, ஜன்னல் வழியே வானம் தெரிய.

"இதைப் பாருங்க," என்றார். குரல் தழுதழுத்தது. "இந்த வீடு முழுசா இருந்தப்போ இந்தத் தெருவோட அதுக்கு ஒரு ஒட்டும் இல்லை. நாம எல்லாரும் அதை உணர்ந்தோம். இப்பத்தான் அது தெருவோட பேசுது. மண்ணுன்னு இப்பத்தான் வெளிப்படையா ஒத்துக்குது. நான் இந்த ஊருக்கு வந்ததிலேர்ந்து தேடிட்டிருந்தது இதைத்தான்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். விளக்கு போட்டபோது விட்கோம்ப் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: சுவரை யாரும் தொடக் கூடாது. பின்புறம் தெரியாதபடி இரும்பு முட்டு கொடுத்து, மேலே ஒரு பசையைத் தெளித்து, அது இப்போது விழுந்துகொண்டிருக்கிற நிலையிலேயே என்றைக்கும் நிற்கும்படி பாதுகாக்க வேண்டும். செலவை ஹோட்டல் ஏற்றுக்கொள்ளும். அதன் ஜன்னல்களிலிருந்து அந்தச் சுவர் நன்றாகத் தெரியும். பெனிக்னோ இதற்குச் சம்மதித்தால், இடித்த குற்றத்துக்கான அபராதம் ரத்து.

"அந்த மனைக்குள்ள ஒரு தகர வண்டிவீட்டையாவது கொண்டுவந்து நிறுத்திக்கிறேன் சார்," என்றார் பெனிக்னோ. "சுவருக்குப் பின்னாடி. வெளிய தெரியாது."

மண்டபம் அதிர்ந்துபோய் மறுப்பாகத் தலையாட்டியது, சர்ச்சில் யாரோ ஏப்பம் விட்டதுபோல.

"அப்ப நாங்க எங்க சார் இருக்கிறது? அவளை நான் எங்க வெச்சுக்கிறது?"

விட்கோம்ப் முன்னால் சாய்ந்தார். நீலக்கல் மேஜையில் இடித்தது. "உங்க வேதனை எனக்குப் புரியுது, மிஸ்டர் லூஜன். ஆனா வாரியத்தோட அதிகாரம் வெளிச்சுவரோட முடிஞ்சுடுது. உள்ளே யார் இருக்காங்க, எப்படி இருக்காங்கங்கறதுல நாங்க தலையிட்டதே கிடையாது. அது உங்க தனிப்பட்ட விஷயம். அந்த எல்லையை நாங்க ரொம்ப மதிக்கிறோம்."

பெனிக்னோ கையெழுத்துப் போட்டார். அபராதம் கட்ட அவரிடம் எதுவும் இல்லை. மனைக்கு வரி மட்டும் வழக்கம்போல அவர்தான் கட்ட வேண்டும்; சுவர் அவருடையது.

மேட்டுநிலத்துப் பொட்டலில் பழைய இடம் போய்விட்டிருந்தது. இன்னும் தள்ளி, காற்றுக்கு ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத கோடியில் ஒன்று கிடைத்தது. வாளி மறுபடியும் வண்டிக்கு வந்தது.

கோடை முடியும்போது விருது அறிவித்தார்கள். பழைய நகரோடு மிகச் சிறப்பாக இணைந்த புதிய கட்டடத்துக்கான அந்த வருஷத்து விருது, லுஹான் சுவருக்கு. விழாவுக்கு ஒத்திலியாவும் வந்தாள். சாப்பாடு உண்டு என்று ஃபெர்மின் சொல்லியிருந்தான். வந்த பிறகு பார்த்தால், அவளுக்கு டாக்டர் விலக்கியவைதான் எல்லாமே.

"வீட்டுக்குள்ள மனுஷங்க வந்துட்டாலே சமரசம் வந்துடுது," என்று பேசினார் விட்கோம்ப். "குப்பைத்தொட்டி வைப்பாங்க. துணி காயப்போடுவாங்க. தார்ப்பாய் கட்டுவாங்க. இத்தனை வருஷமா இந்த வாரியம் அதோடதான் போராடிட்டிருக்கு. முதல் தடவையா ஒரு குடும்பம், ஒரு உள்ளூர்க் குடும்பம், எந்தச் சமரசமும் இல்லாத ஒரு கட்டடத்தை நமக்குக் குடுத்திருக்கு. மிஸ்டர் லூஜன், எழுந்து நில்லுங்க!"

பெனிக்னோ எழுந்து நின்றார். கைதட்டினார்கள். ஒத்திலியாவும் தட்டினாள், எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டேயிருந்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று. பெனிக்னோ அவள் கையைப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது.

அக்டோபரில் ஒருநாள் அவளைக் கிளினிக்கிலிருந்து அழைத்துக்கொண்டு திரும்பும்போது, தெருவில் வண்டிகள் தேங்கி நின்றன. சுவருக்கு முன்னால் சுற்றுலாக் கூட்டம். குடை பிடித்த ஒரு வழிகாட்டிப் பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். ஒத்திலியா வாளியை அணைத்தபடி கண்ணை மூடியிருந்தாள். பெனிக்னோ வண்டியை ஓரங்கட்டி இறங்கி, சுவர் அருகே போனார். ஜன்னலுக்குக் கீழே, பீர் குடித்த ஞாயிற்றுக்கிழமை அவர் கை வழுக்கிய இடத்தில், ஐந்து விரல்களும் அப்படியே பதிந்திருந்தன. பசையடித்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். அவர் தன் கையை அதன்மேல் வைத்தார். சரியாகப் பொருந்தியது.

"ஐயா, அதைத் தொடாதீங்க!" என்று கத்தினாள் வழிகாட்டி.

அவர் கையை எடுத்துக்கொண்டார். கூட்டத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் அவரிடம் அன்பாகக் கேட்டாள். "நீங்க இந்த ஊரா? இது எவ்வளவு பழசுன்னு தெரியுமா?"

"போன வருஷம் கட்டினதும்மா. நான்தான் கட்டினேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, குத்தல் இல்லாதது. ஒருவர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். ஊர்க்காரர்கள் இப்படித்தான் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு ஜோக் அடிப்பார்கள் என்று வழிகாட்டி சொன்னாள்.

"ஒண்ணும் நினைச்சுக்காதீங்க," என்றாள் வெள்ளைத் தொப்பி அம்மாள், கைபேசியை உயர்த்தியபடி. "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? சுவர் மட்டும் வேணும்."

பெனிக்னோ ஓர் அடி தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் தள்ளினார். முதுகில் வண்டியின் கதவு இடித்தது. உள்ளேயிருந்து ஒத்திலியா கண்ணைத் திறக்காமலே கேட்டாள், "என்னவாம்யா அவங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல," என்றார் பெனிக்னோ. "நான் மறைக்கிறேனாம்."